கடலுக்கும் ஓர் உழவன்: சேற்றுப் புழுக்களின் வாழ்வும் பாதுகாப்பும்

மண்புழு ‘உழவனின் நண்பன்’ என்று ஆரம்பப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். மண்ணைத் துளைக்கும், காற்றோட்டம் கொடுக்கும், மட்கியதைத் தின்று உரமாக்கும் என்று எந்த மாணவரைக் கேட்டாலும் நாலு வரி சொல்லிவிடுவார். சார்ல்ஸ் டார்வின் 1881-இல் வெளியிட்ட தம் கடைசி நூலை மண்புழுவைப் பற்றித்தான் எழுதினார். ஆனால் கடலோரச் சேற்றுக்கும் இப்படி ஓர் உழவன் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ‘கடலோரச் சூழலைப் பாதுகாப்போம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் ஆமை, பவளப்பாறை, டால்ஃபின் எல்லாம் வரும், புழு வராது.

அந்தப் புழுவைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. உயிரியல் படிக்கும் மாணவர்களுக்குப் பாடக் குறிப்பாகவும், கருத்துணர்தலுக்கும் கட்டுரைப் பயிற்சிக்கும் பகுதி தேடும் ஆசிரியர்களுக்கு ஒரு மூலமாகவும் இது பயன்படும். பயிற்சிகள் கடைசியில் உள்ளன.

1. வெறும் சேறா?

சிலாங்கூர் மாநிலத்தில், பந்திங் பட்டணத்துக்கும் கேரித் தீவுக்கும் அருகே மோரிப் கடற்கரை இருக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். சாம்பல் நிறச் சேற்றுவெளி மட்டும் கண்ணுக்கெட்டிய மட்டும் கிடக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பர் 9-ஆம் நாள் நேசநாட்டுப் படைகள் இங்கேதான் வந்து இறங்கின. அவர்களுடைய வாகனங்கள் பல இந்தச் சேற்றில் புதைந்து நின்றுபோயின. அவ்வளவு மென்மையான சேறு அது.

மாணவர்களை இங்கே அழைத்து வந்தால் முதலில் வரும் கேள்வி இதுதான்: “சார், இங்க என்ன இருக்கு? வெறும் சேறு, ஒரே நாத்தம்!”

குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். சேற்றில் ஊசி முனை அளவிலிருந்து விரல் நுழையும் அளவு வரை துளைகள் தெரியும். சில இடங்களில் முறுக்குப் பிழிந்து வைத்ததுபோல் சுருள் சுருளாக மண்குவியல் இருக்கும். சில இடங்களில் சிப்பித் துண்டுகள் ஒட்டிய சிறு குழாய்கள் சேற்றிலிருந்து தலை நீட்டி நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் வாசல். உள்ளே ஆள் இருக்கிறது!

2. யார் இந்தப் புழுக்கள்?

புழு என்பது ஓர் உடல் வடிவத்தின் பெயர். அந்த வடிவத்தில் உள்ள எல்லாமே ஒரே குடும்பம் அல்ல. கடலோரச் சேற்றில் அதிகமாகக் காணப்படுபவை ‘பாலிகீட்டு’ எனப்படும் வகையைச் சேர்ந்தவை. இச்சொல்லுக்குப் ‘பல நுண்முட்கள் உடையது’ என்று பொருள். மண்புழுவும் அட்டையும் சேர்ந்துள்ள வளைதசைப் புழுக்கள் என்ற பெரும் தொகுதியில்தான் இவையும் அடங்குகின்றன. உலகில் 10,000-க்கும் மேற்பட்ட பாலிகீட்டு இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன.

இவற்றை அடையாளம் காண்பது எளிது. உடல் வளையம் வளையமாக இருக்கும். பெரும்பாலும் ஒவ்வொரு வளையத்தின் இரு பக்கமும் சதைப்பற்றான சிறு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இவை பக்கக்கால்கள். இவற்றில் கொத்துக் கொத்தாக நுண்முட்கள் இருக்கும். மண்புழுவுக்குப் பக்கக்கால்கள் கிடையாது, நுண்முட்களும் சிலவே. அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு நுண்முட்களே இல்லை. இந்த ஒப்பீட்டைத் தேர்வுக்கு நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மோரிப் பக்கத்தில் வாழும் இரண்டு புழுக்களை அறிமுகப்படுத்திக்கொள்வோம்.

முதலாவது, மார்ஃபிசா மோரிபிடீ. பெயரிலேயே மோரிப் இருப்பதைக் கவனியுங்கள். பாக்காவ் மரங்களை ஒட்டிய சேற்றில் வாழும் செந்நிறப் புழு இது. தூண்டில் போடுபவர்கள் இதை ‘ருவாட் பக்காவ்’ என்பார்கள்; தூண்டிலுக்குப் பயன்படும் இத்தகைய புழுக்களுக்குப் பொதுவாக ‘உம்புன்-உம்புன்’ என்ற பெயரும் உண்டு. இதைத் தனி இனம் என்று அறிவியல் உலகம் விவரித்துப் பெயரிட்டது 2014-இல்தான். மீன்பிடிப்பவர்கள் கையில் பல காலமாக இருந்த உயிரினத்துக்கு அறிவியல் பெயர் இவ்வளவு தாமதமாகக் கிடைத்திருக்கிறது. காலடியில் இருப்பதை நாம் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இரண்டாவது, டயோபாட்ரா. மலாய் மொழியில் ‘ருவாட் சாருங்’, அதாவது உறைக்குள் இருக்கும் புழு. தன் உடலில் சுரக்கும் பசையால் தோல்போன்ற குழாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு, வெளியே நீட்டும் பகுதியில் சிப்பித் துண்டு, இலைத்துணுக்கு எல்லாவற்றையும் ஒட்டி வைக்கும். மீனோ பறவையோ கடித்து உடலின் ஒரு பகுதியை இழந்தாலும் மீண்டும் வளர்த்துக்கொள்ளும். பாலிகீட்டுகளில் வால் பகுதி மீண்டும் வளர்வது பரவலாகக் காணப்படுகிறது. டயோபாட்ரா வகையில் தலைப் பகுதியே மீண்டும் வளர்வதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூரில் புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரையில் பிழிந்த முறுக்குபோல் காணப்படும் மண்குவியல்களில் பல, ஏக்கார்ன் புழுக்கள் தள்ளிய கழிவு. வடிவத்தில் புழுவாக இருந்தாலும் இவை வளைதசைப் புழுக்கள் அல்ல. மண்புழுவைவிட நட்சத்திர மீனுக்குத்தான் நெருங்கிய உறவு. பெயரை மட்டும் பார்த்து வகைப்படுத்தக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

3. சேறு எப்படி மூச்சுவிடுகிறது?

இந்தப் பகுதியைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகப் புரியும்.

சேற்றுத் துகள்கள் மிக நுண்ணியவை, நெருக்கமாகப் படிபவை. அவற்றின் ஊடே நீர் எளிதில் ஓடாது. மேலேயுள்ள கடல்நீரிலிருந்து உள்ளே இறங்கும் உயிர்வளி, சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே நுண்ணுயிர்களால் தீர்ந்துபோகிறது. அதற்குக் கீழே உயிர்வளி இல்லாமல் வாழும் பாக்டீரியாக்களின் ஆட்சிதான். அவை கடல்நீரிலுள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்தி, மட்கிய இலை, செத்த உயிர் முதலியவற்றைச் சிதைக்கின்றன. அப்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம் அதுவே. சேற்றிலுள்ள இரும்போடு சல்ஃபைடு சேரும்போது கறுப்பு நிறம் வருகிறது.

ஆக, நாற்றமும் கறுப்பும் இயற்கையானவை. மேலே பழுப்பு, கீழே கறுப்பு என்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அந்தக் கறுப்பு மேல்மட்டம் வரை ஏறி வந்துவிட்டால்தான் கவலை.

அதை ஏறவிடாமல் தடுப்பதில் புழுவுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. புழு வளை தோண்டிக் கறுப்பு அடுக்குக்குள் இறங்குகிறது. அங்கே உயிர்வளி இல்லை. ஆனால் அதற்கு மூச்சுவிட வேண்டும். என்ன செய்யும்? உடலை அலைபோல் அசைத்து மேலேயுள்ள நீரை வளைக்குள் இறைக்கும். தன் தேவைக்காகத்தான் இறைக்கிறது. சேற்றுக்கும் உயிர்வளி கிடைத்துவிடுகிறது. சேற்றை மண்வாரியால் நேராக வெட்டிப் பார்த்தால், கறுப்புச் சேற்றின் நடுவே வளையைச் சுற்றி மட்டும் துருநிறத்தில் ஒரு வளையம் தெரியும். உயிர்வளி அதுவரை போயிருக்கிறது என்பதற்குக் கண்ணால் காணும் சான்று அது.

இதனால் விளையும் பயன்கள்:

• மேற்பரப்பு பெருகுகிறது. ஒவ்வொரு வளையின் சுவரும் நீரும் சேறும் சந்திக்கும் புதிய பரப்பு. மேலிருந்து பார்க்கும் பரப்பைவிட உள்ளே உயிர்வளி தொடும் பரப்பு மிக அதிகம்.

• நீர் தூய்மையாகிறது. உரமும் கழிவுநீரும் கொண்டுவரும் நைட்ரஜன் சேற்றில் அமோனியமாகச் சேர்கிறது. வளைச் சுவரின் உயிர்வளி உள்ள பக்கத்தில் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. உயிர்வளி இல்லாத பக்கத்தில் வேறொரு வகை பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றுகிறது. இரு பக்கமும் அடுத்தடுத்து இருப்பதால்தான் இந்த வேலை தொடர்ச்சியாக நடக்கிறது.

• சேறு கலக்கப்படுகிறது. அடியில் உள்ள மண் மேலே வருகிறது. மேலே விழுந்த மட்கிய பொருள் கீழே போகிறது. வயலில் ஏர் செய்வது இதுதானே?

• சேறு நிலைக்கிறது. டயோபாட்ரா போன்றவற்றின் குழாய்கள் கூட்டமாக நிற்கும் இடத்தில் சேறு அலையால் அரிக்கப்படுவது குறைகிறது. குழாய்களின் இடையே சிறு நண்டுகளும் சிப்பிகளும் ஒதுங்குகின்றன.

மூச்சுக்காக இவை கொண்டுள்ள ஏற்பாடு மனிதனுக்கும் உதவத் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பியக் கடற்கரைகளில் வாழும் அரெனிகோலா மரீனா என்ற மணற்புழுவின் ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்று 156 உயிர்வளி மூலக்கூறுகள் வரை பிடித்துவைக்கும். நம் ஹீமோகுளோபின் பிடிப்பது 4 மட்டுமே. பிரான்சில் மாற்று அறுவை சிகிச்சைக்காக எடுக்கப்படும் சிறுநீரகங்களைக் கெடாமல் வைக்க, இந்தப் புழுவின் ஹீமோகுளோபினைப் பயன்படுத்திச் சோதித்திருக்கிறார்கள்.

4. தின்பவையும் தின்னப்படுபவையும்

சேற்றுப் புழுக்கள் எல்லாம் ஒரே உணவைத் தின்பதில்லை. சேற்றையே விழுங்கி அதிலுள்ள மட்கிய பொருளைச் செரிப்பவை உண்டு. நீரில் மிதக்கும் துணுக்குகளை வடிகட்டித் தின்பவை உண்டு. வேட்டையாடுபவையும் உண்டு, கிளைசெரா என்ற வகையின் தாடையில் செம்பு கலந்திருக்கிறது, அதனால் தாடை உறுதியாகிறது.

இவற்றைத் தின்ன மீன், இறால், நண்டு எல்லாம் வரிசையில் நிற்கின்றன. சைபீரியா வரையுள்ள வடபகுதிகளிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை பறக்கும் உள்ளான் வகைப் பறவைகளும் அந்த வரிசையில் உண்டு. கிழக்கு ஆசிய-ஆஸ்திரலேசியப் பறவைத் தடம் 22 நாடுகளைக் கடக்கிறது. 50 மில்லியனுக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இதைப் பயன்படுத்துகின்றன. சிலாங்கூர், பினாங்குச் சேற்றுவெளிகளும் சிங்கப்பூரின் சுங்கை பூலோவும் அவை இறங்கிச் சாப்பிடும் இடங்கள். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பெட்ரோலும் சாப்பாடும் இல்லாவிட்டால் பயணம் என்னவாகும்? அதே நிலைதான் சேறு இல்லாத பறவைக்கும்.

5. முட்டையிலிருந்து சேறு வரை

பெரும்பாலான பாலிகீட்டுகளில் ஆண், பெண் தனித்தனி. மண்புழுவோ இருபால் உயிரி. இந்த வேறுபாடும் தேர்வுக்கு உரியது. பலவற்றில் கருமுட்டைகளும் விந்தணுக்களும் நீரில் விடப்பட்டு அங்கேயே கருவுறுகின்றன. பிறகு ட்ரோக்கோஃபோர் எனப்படும் நுண்ணிய இளவுயிரி உருவாகி, நீரில் மிதந்து திரிந்து, பின் சேற்றில் இறங்கிக் குடியேறும்.

இதில் பாதுகாப்புக்கு ஒரு முக்கியச் செய்தி உண்டு. ஓரிடத்தில் புழுக்கள் அழிந்தாலும் அண்டைக் கரையிலிருந்து இளவுயிரிகள் மிதந்து வந்து மீண்டும் குடியேறலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள்: அண்டைக் கரையில் பெரிய புழுக்கள் மீதம் இருக்க வேண்டும், வந்திறங்கச் சேறும் இருக்க வேண்டும்.

6. ஆபத்துகள் எவை?

கடலைத் தூர்ப்பது. சிங்கப்பூரின் நிலப்பரப்பு 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டர். இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. கூடிய நிலம் பெரும்பாலும் கடலைத் தூர்த்துப் பெற்றது. வீடும் துறைமுகமும் விமான நிலையமும் தேவைதான்; அதை மறுக்க முடியாது. ஆனால் தூர்க்கப்பட்ட சேற்றுக்கு அடியில் போன புழு திரும்பி வர வழியில்லை. பினாங்கு, மலாக்கா, ஜொகூர்க் கரைகளிலும் தூர்க்கும் திட்டங்கள் நடந்துள்ளன.

கரையில் சுவர் எழுப்புவது. கடல்மட்டம் உயரும்போது சேற்றுவெளி இயல்பாகக் கரைப்பக்கம் நகரும. பின்னால் கரைச்சுவரோ மண்மேடோ இருந்தால் நகர இடமில்லை. கடலுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிச் சேற்றுவெளி ஒடுங்கும்.

தூண்டில் புழு தோண்டுவது. இது சிலருக்கு அன்றாட வருமானம். ஆகவே ‘தடை செய்ய வேண்டும்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகக் கூடாது. ஆனால் விளைவுகளை அறிந்திருக்க வேண்டும். தோண்டும்போது கறுப்புச் சேறு மேலே வந்து சிறு சிப்பிகளை மூடிவிடுகிறது. பாக்காவ் மரத்தின் வேர்கள் அறுபடுகின்றன. பெரிய புழுக்களே முதலில் எடுக்கப்படுகின்றன. அதிக முட்டையிடுபவையும் அவைதாம்.

மாசு. இங்கே மாணவர்கள் தவறாக எண்ண வாய்ப்புண்டு. மாசு கூடினால் புழு குறையும் என்று நினைப்போம். சில சமயம் கூடும்! கேப்பிடெல்லா என்ற சிறு புழு, கழிவு நிறைந்து உயிர்வளி குறைந்த சேற்றிலும் கூட்டம் கூட்டமாகப் பெருகும். மற்ற இனங்கள் போய்விட, இது மட்டும் மிஞ்சும். எனவே சேற்றின் நலத்தை அறிய எத்தனை புழு என்று எண்ணினால் போதாது. எத்தனை வகை என்றும் பார்க்க வேண்டும்.

அதிகப்படியான நன்னீர். 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் ஜொகூரில் பெருமழையும் வெள்ளமும் ஏற்பட்டன. ஆற்று வெள்ளம் கலந்து உப்புத்தன்மை குறைந்ததால் 2007 தொடக்கத்தில் செக் ஜாவாவில் ஏராளமான உயிரினங்கள் மடிந்தன. காலப்போக்கில் பல மீண்டும் வந்தன. சேறும் மணலும் அங்கேயே இருந்ததால்தான் அது சாத்தியமானது.

7. பாதுகாப்பு என்றால் எதைப் பாதுகாப்பது?

புழுவைப் பிடித்துத் தொட்டியில் வளர்த்தால் புழு பிழைக்கும், சேறு பிழைக்காது. சேற்றுப் புழுக்களைக் காப்பது என்றால் அவை வேலை செய்யும் இடத்தைக் காப்பதுதான்.

அதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. சுமார் 100 ஹெக்டர் பரப்புள்ள செக் ஜாவாவைத் தூர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். 2001-இல் தொண்டூழியர்களும் ஆய்வாளர்களும் நீர் வற்றும் நேரங்களில் அங்கே சென்று, இருந்த உயிரினங்களைப் பதிவு செய்தார்கள். பொதுமக்களும் கருத்துத் தெரிவித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. தள்ளிவைத்தது என்ற சொல்லைக் கவனியுங்கள். கைவிட்டது என்று எழுதினால் பிழை. சுங்கை பூலோ 2002-இல் இயற்கைக் காப்பகமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. மலேசியாவில் தஞ்சோங் பியாய், புலாவ் குக்குப், சுங்கை புலாய் ஆகிய ஜொகூர் ஈரநிலங்கள் 2003-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

சட்டம் தொடாத இடங்களில் பழக்கம் உதவும். தோண்டிய குழியை உடனே மூடுவது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோண்டாமல் இடம் மாற்றுவது, வேர்ப் பகுதியை விட்டுவிடுவது, அன்றைய தேவைக்கு மட்டும் எடுப்பது. தூண்டில் போடும் அப்பாவிடமும் மாமாவிடமும் பிள்ளைகளே எடுத்துச் சொல்லக்கூடியவை இவை.

8. வகுப்பறைக்கு

செயல்: ஒளி ஊடுருவும் போத்தலில் பாதி அளவு சேறும் அதன்மேல் சிறிது கடல்நீரும் ஊற்றிச் சன்னலருகே வையுங்கள். சில வாரங்களில் அடிப்பகுதி கறுக்கத் தொடங்கும். மேலே மெல்லிய பழுப்பு அடுக்கு நிற்கும். வாரந்தோறும் மாணவர்கள் படம் வரைந்து வரட்டும். சேற்றைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இயற்கைக் காப்பகங்களிலிருந்து சேறோ உயிரினமோ எடுக்கக் கூடாது.

விடை எழுதும் முறை: ‘கடலோரப் புழுக்களின் முக்கியத்துவத்தை விளக்குக’ என்ற கேள்விக்கு, “புழுக்கள் சேற்றை வளமாக்குகின்றன” என்று எழுதினால் புள்ளி குறையும், எப்படி என்பது அதில் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: “புழு வளைக்குள் நீரை இறைக்கிறது, அதனால் உயிர்வளி ஆழத்துக்குச் செல்கிறது, அதனால் நைட்ரஜன் கழிவு வாயுவாக மாறி வெளியேறுகிறது, அதனால் நீர் தூய்மையாகிறது.” ஒவ்வொரு ‘அதனால்’ என்ற சொல்லும் ஒரு காரணத்தை அடுத்த விளைவோடு இணைக்கிறது.

கேள்விகள்:

1. மண்புழுவுக்கும் பாலிகீட்டுக்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றினைக் குறிப்பிடுக.

2. புழு வளையைச் சுற்றித் துருநிற வளையம் தோன்றக் காரணம் என்ன?

3. ‘புழுக்கள் நிறைய உள்ள சேறு நலமான சேறு.’ இக்கூற்றை ஏற்கிறீர்களா? காரணம் தருக.

4. 2007-க்குப் பின் செக் ஜாவாவில் உயிரினங்கள் திரும்பின. தூர்க்கப்பட்ட கரையில் அவை திரும்புவதில்லை. ஏன்?

5. கலந்துரையாடல்: உங்கள் ஊர்க் கரையில் தூண்டில் புழு தோண்டுவதைத் தடை செய்யலாமா, முறைப்படுத்தலாமா? புழு விற்பவர், மீன்பிடிப்பவர், ஆய்வாளர் ஆகிய மூவர் நிலையிலும் நின்று பேசுக.

அருஞ்சொற்பொருள்:

வளை – உயிரினம் தோண்டி வாழும் துளை
சேற்றுவெளி – நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றுப் பரப்பு
பக்கக்கால் – பாலிகீட்டின் உடல் வளையத்தில் உள்ள சதைப்பற்றான கால்
இளவுயிரி – முட்டையிலிருந்து வெளிவந்த, முழு வளர்ச்சி அடையாத உயிர்
தூர்த்தல் – மண் கொட்டி மேடாக்குதல்
இருபால் உயிரி – ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் ஒரே உடலில் அமைந்த உயிர்

அடுத்த முறை ‘கடலோரச் சூழலைப் பாதுகாப்போம்’ என்ற தலைப்பு வந்தால், ஆமைக்கும் பவளப்பாறைக்கும் பக்கத்தில் புழுவுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். திருத்தும் ஆசிரியரும் அதைப் புதிதாகப் படித்து மகிழ்வார்.